மறுமுனையில் ஒரு குரல் – 9: சியாட்டிலில் ஓர் இரவு

தற்கொலை எண்ணத்தோடு தவிப்பவர்களுக்காக லண்டனில் தொடங்கிய தொலைபேசிச் சேவையில் பாதிரியார் சாட் வாரா 1953 நவம்பர் 2 அன்று முதல் அழைப்பை எடுத்ததையும், அடுத்த பிப்ரவரியிலேயே அந்தப் பொறுப்பைத் தன்னார்வலர்கள் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டதையும் சென்ற பகுதியில் பார்த்தோம். அங்கே மருத்துவம் கிடையாது. தேநீரும் பொறுமையும்தான் இருந்தன. அட்லாண்டிக்கின் மறுகரையில் இதே முயற்சி வேறு வாசல் வழியாக நுழைந்தது. அமெரிக்காவில் அதன் தொடக்கம் பிணக்கூறாய்வு அலுவலகத்தின் கோப்பு அறை.

1949ல் எட்வின் ஷ்னைட்மன் என்ற இளம் உளவியலாளர், உயிரை மாய்த்துக்கொண்ட முன்னாள் படைவீரர் இருவரைப் பற்றிய விவரம் தேடி லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டப் பிணக்கூறாய்வு அலுவலகத்துக்குப் போனார். தேடிப்போனது இரண்டு கோப்புகள். கண்ணில் பட்டது, இறந்தவர்கள் எழுதிவைத்துவிட்டுப் போன நூற்றுக்கணக்கான கடிதங்கள். யாரும் ஒன்றுசேர்த்து வாசித்திராத குவியல் அது. வாசிக்க உட்கார்ந்தவர் வாழ்நாள் முழுக்க அந்த வேலையை விட்டு எழுந்திருக்கவில்லை. நார்மன் ஃபார்பரோ என்ற சக உளவியலாளரும், ராபர்ட் லிட்மன் என்ற மனநல மருத்துவரும் சேர்ந்துகொண்டார்கள். 1958ல் லாஸ் ஏஞ்சலிஸ் தற்கொலைத் தடுப்பு மையம் திறக்கப்பட்டது. மாவட்டப் பொது மருத்துவமனை வளாகத்தில், கைவிடப்பட்ட பழைய கட்டடம் ஒன்றை ஒதுக்கிக் கொடுத்தார்கள். அதில் முன்பு காசநோயாளிகள் இருந்தார்கள்.

அந்தக் கடிதங்களை வாசித்து அவர்கள் கண்டுகொண்டதில் ஒன்றை மட்டும் இங்கே சொல்லியாக வேண்டும். இந்தத் தொடர் முழுவதுமே அதன்மேல்தான் நிற்கிறது. சாக வேண்டும் என்று நினைப்பவர், அதே நொடியில், யாராவது வந்து தடுக்கமாட்டார்களா என்றும் நினைக்கிறார். இரண்டும் நிஜம். ஒன்று வேஷம், மற்றது உண்மை என்று பிரிக்க முடியாது. ‘சாகப்போகிறவன் சொல்லிக்கொண்டா இருப்பான்?’ என்று நாம் அலட்சியமாகக் கேட்கிறோமே, அந்தக் கேள்வியை அடியோடு சாய்த்தது இந்த அறிவுதான். சொல்கிறார்கள். பெரும்பாலானவர்கள் ஏதோ ஒரு விதத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். ஃபார்பரோவும் ஷ்னைட்மனும் 1961ல் தொகுத்து வெளியிட்ட நூலுக்கு, உதவி கேட்கும் கூக்குரல் என்ற பொருளில்தான் பெயர் வைத்தார்கள்.

1962 ஆகஸ்டில் மர்லின் மன்றோ இறந்தபோது, மரணத்தின் மனநிலைப் பின்னணியை ஆராயும்படி பிணக்கூறாய்வு அதிகாரி தியோடர் கர்ஃபி கேட்டுக்கொண்டது இந்த மையத்தினரைத்தான். அதுவரை நிபுணர்கள் மட்டும் அறிந்திருந்த ஒரு வேலை, அந்த ஒரே வாரத்தில் நாட்டுக்கே தெரிந்த செய்தியானது. சான் பிரான்சிஸ்கோவில் பெர்னார்ட் மேயஸ் என்ற பிரிட்டிஷ்காரர், ‘ப்ரூஸ்’ என்ற புனைபெயரில் விளம்பரம் செய்து ஒரு தொலைபேசிச் சேவையைத் தொடங்கியிருந்தார். 1963 மார்ச்சில் சிட்னியில் ஆலன் வாக்கர் ‘லைஃப்லைன்’ தொடங்கினார். 1964ல் சியாட்டில் நகரமும் தனக்கென ஒரு நெருக்கடி உதவி மையத்தைத் திறந்தது.

சியாட்டிலில் இப்போது நிற்கப்போவது அந்த மையத்துக்காக மட்டும் இல்லை, ஒரு திரைப்படத்துக்காகவும்.

படத்தின் பெயர் ‘தி ஸ்லெண்டர் த்ரெட்’. பாரமவுண்ட் நிறுவனம் 1965 டிசம்பரில் வெளியிட்ட கறுப்பு வெள்ளைப் படம். ‘லைஃப்’ இதழில் முழுநேர எழுத்தாளராகப் பணியாற்றிய முதல் பெண்ணான ஷானா அலெக்சாண்டர், உண்மைச் சம்பவம் ஒன்றைப் பற்றி 1964ல் அந்த இதழில் எழுதிய கட்டுரைதான் மூலம். திரைக்கதை ஸ்டெர்லிங் சிலிஃபண்ட். இயக்கியவர் அதுவரை தொலைக்காட்சியில் வேலை செய்துகொண்டிருந்த, 31 வயதே ஆன சிட்னி போலக். பின்னாளில் ‘அவுட் ஆஃப் ஆப்பிரிக்கா’வுக்காக ஆஸ்கர் வாங்கிய அதே போலக். அவருக்கு இதுதான் முதல் படம். இசை குவின்சி ஜோன்ஸ்.

கதையைச் சில வரிகளில் சொல்லிவிடலாம். ஆலன் நியூவெல் என்ற பல்கலைக்கழக மாணவன் உதவி மையத்தில் தன்னார்வலராக இரவு வேலைக்கு வருகிறான். பொறுப்பு மருத்துவர் கிளம்பிப் போய்விடுகிறார். தொலைபேசி அடிக்கிறது. மறுமுனையில் இங்கா டைசன் என்ற பெண். அளவுக்கு மீறித் தூக்க மாத்திரைகளை விழுங்கிவிட்டாள். காப்பாற்று என்று கேட்க அவள் கூப்பிடவில்லை. சாகும்போது யாரிடமாவது பேசிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கே இருக்கிறாள் என்று சொல்ல மறுக்கிறாள். மாத்திரை வேலை செய்துகொண்டிருக்கிறது. அவளைத் தூங்கவிடாமல், வைத்துவிட விடாமல், அவன் பேச வேண்டும். அதற்குள் அந்த அழைப்பு எங்கிருந்து வருகிறதென்று தொலைபேசிக்காரர்களும் போலீசாரும் கண்டுபிடித்தாக வேண்டும்.

ஆலனாக சிட்னி பாய்ட்டியர். இங்காவாக ஆன் பேங்க்ராஃப்ட். மருத்துவராக டெல்லி சவாலஸ். இருபெரும் நடிகர்கள், இருவரும் ஆஸ்கர் வாங்கியவர்கள். ஆனால் இருவரும் எதிரெதிரே நின்று முகம் பார்த்துப் பேசும் காட்சி படத்தில் ஒன்றுகூட இல்லை.

இன்று இந்தப் படத்தைப் பார்ப்பவருக்கு ஒரு சந்தேகம் எழும். அழைத்தவரின் எண் கைபேசித் திரையில் பளிச்சென்று தெரியும் காலத்தில் வாழ்கிறோம். ஓர் அழைப்பின் தடத்தைப் பிடிக்க இத்தனை பேர் ஏன் இப்படி ஓடுகிறார்கள், வேண்டுமென்றே இழுக்கிறார்களா என்று. இல்லை. 1965ல் அது உண்மையாகவே ஓட்டம்தான்.

அன்றைய சியாட்டில் தொலைபேசி இணைப்பகங்களில் ஒன்றை இன்றும் நேரில் பார்க்கலாம். 1923ல் நிறுவப்பட்டு 1974 வரை உழைத்த ‘பேனல்’ வகை எந்திரம் ஒன்றை அந்நகரின் கனெக்‌ஷன்ஸ் அருங்காட்சியகத்தில், ஓடும் நிலையிலேயே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். ஆள் உயரத்தைத் தாண்டிய இரும்புச் சட்டங்கள். அவற்றில் வரிசை வரிசையாகச் செங்குத்துக் கம்பிகள். அடியில் மோட்டார் இடைவிடாமல் சுழன்றபடி இருக்கும். நீங்கள் ஓர் எண்ணைச் சுழற்றினால், எங்கோ ஒரு கம்பி கரகரவென்று மேலேறி, உரிய இடத்தில் நின்று, அடுத்த சட்டத்திலுள்ள இன்னொரு கம்பியை எழுப்பும். அது மூன்றாவதை எழுப்பும். இப்படி ஒன்றைத் தொட்டு ஒன்றாக உருவான பாதைதான் உங்கள் உரையாடல். பேசி முடித்துக் கீழே வைத்ததும் கம்பிகள் இறங்கிவிடும். அழைப்பு நடந்ததற்கான அடையாளமே மிஞ்சாது.

ஆகவே தடம் பிடிப்பதென்றால், உரையாடல் உயிரோடு இருக்கும்போதே, அழைப்பு வந்து சேர்ந்த முனையிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். எந்தக் கம்பி இந்த இணைப்பைத் தாங்கி நிற்கிறது என்று ஓர் ஊழியர் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பார். அதை எழுப்பியது எது என்று அடுத்த சட்டத்துக்குப் போவார். அங்கிருந்து இன்னொன்று. அழைப்பு வேறோர் இணைப்பகத்திலிருந்து வந்திருந்தால் அந்தக் கட்டடத்தில் இருக்கும் ஊழியரைக் கூப்பிட்டு, இன்ன தடத்திலிருந்து தொடருங்கள் என்று சொல்ல வேண்டும். இரவு நேரத்தில் அங்கே ஆள் குறைவு. ஒருவழியாகக் கடைசி முனைக்குப் போய்ச் சேர்ந்தால், அது ஒரு ஹோட்டலின் பொது இணைப்பாக இருக்கலாம். அப்புறம் எந்த அறை என்று தேட வேண்டும். நடுவில் அந்தப் பெண் தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டால், அத்தனையும் வீண்.

போலக்கின் படத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, இதை அவர் அவசரப்படாமல் காட்டிய விதம். அடுக்கடுக்கான எந்திரங்களுக்கு நடுவே ஊழியர்கள் வரிசை வரிசையாகத் தேடிப் போகும் காட்சிகளில் கார் துரத்தல் இல்லை, துப்பாக்கி இல்லை. ஆனாலும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அந்த ஊழியர்களுக்கு இங்கா யாரென்று தெரியாது. அவளுக்கும் அவர்கள் இருப்பதே தெரியாது. ஒரு நகரம் முழுதும், முகம் தெரியாத ஒருத்திக்காக நள்ளிரவில் விழித்துக்கொண்டு வேலை செய்கிறது. படத்தின் தொடக்கத்தில் வானிலிருந்து எடுத்த காட்சியில் சியாட்டில் விரிகிறது. 1962 உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய ‘ஸ்பேஸ் நீடில்’ கோபுரம் உள்ள நகரம், நீர்ப்பரப்பும் பாலங்களுமாக. அத்தனை பெரிய ஊரில் ஒரே ஒரு ஆளைத் தேடப்போகிறோம் என்பதை, ஒரு வசனமும் இல்லாமல் அந்தக் காட்சி மனதில் பதித்துவிடுகிறது.

இனி பாய்ட்டியர்.

இந்த வேடத்துக்கு அவரைவிடப் பொருத்தமான ஒருவர் ஹாலிவுட்டில் இருந்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன். காரணம் அவர் வாங்கிய ஆஸ்கர் அல்ல, அவர் குரல். பஹாமாஸ் தீவுக்கூட்டத்தில் கேட் தீவில் தக்காளி பயிரிட்ட ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. பதின்வயதில் அமெரிக்கா வந்து, நியூயார்க்கில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். ஹார்லெமில் அமெரிக்கன் நீக்ரோ தியேட்டருக்கு நடிப்புத் தேர்வுக்குப் போனபோது, தீவுப் பேச்சின் வாடை வீசும் உச்சரிப்பைக் கேட்டும், தாளைப் பார்த்துச் சரளமாக வாசிக்கத் தெரியாததைக் கண்டும் வெளியே அனுப்பிவிட்டார்கள். அவர் ஒரு வானொலிப் பெட்டி வாங்கினார். அறிவிப்பாளர்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, அதே போலத் திரும்பச் சொல்லிப் பழகினார். வேலை செய்த உணவகத்தில் வயதான யூதப் பரிசாரகர் ஒருவர், இரவு வேலை முடிந்த பிறகு பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். மாதக்கணக்கில் உழைத்துவிட்டு அதே நாடகக் குழுவுக்குத் திரும்பிப் போனார். பிறகு உலகம் கேட்ட அந்தக் குரல் இப்படித்தான் உருவானது: கேட்டு, கேட்டு, கேட்டு.

அப்படிப்பட்டவரை ஒரு மேசைக்கு முன்னால் உட்காரவைத்து, கையில் ஒரு தொலைபேசியைக் கொடுத்து, படத்தின் பெரும்பகுதியை அவர் தலையில் சுமத்தினார்கள். கேலி செய்து பார்க்கிறார். கெஞ்சுகிறார். ஒரு கட்டத்தில் பொறுமை இழந்து குரலை உயர்த்துகிறார். பேச்சு நின்றுபோகும் இடங்களில் அவர் முகம் என்ன செய்கிறது என்று பாருங்கள். காதால் மட்டுமே ஒருவரைப் பிடித்து வைத்திருப்பவரின் முகம் அது.

1964 ஏப்ரலில் ‘லில்லீஸ் ஆஃப் தி ஃபீல்ட்’ படத்துக்காகச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கரை வென்ற முதல் கறுப்பின மனிதர் அவர். அடுத்த ஆண்டு மார்ச்சில் அலபாமா மாநிலம் செல்மாவில், வாக்குரிமை கேட்டு நடந்தவர்களைப் போலீசார் தடியால் அடித்தார்கள். ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. டிசம்பரில் இந்தப் படம். கறுப்பு இளைஞன் ஒருவன் வெள்ளைக்காரப் பெண்ணிடம் இரவெல்லாம் பேசுகிறான், நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவளுக்கு அவன் யாரென்று தெரியாது. அவளைப் பொறுத்தவரை அவன் வெறும் குரல். அதே டிசம்பரில் வெளியான பாய்ட்டியரின் இன்னொரு படம் ‘எ பேட்ச் ஆஃப் ப்ளூ’. அதில் அவரை நேசிக்கும் வெள்ளைக்காரப் பெண்ணுக்குக் கண் தெரியாது. ஒரே மாதத்தில் இரண்டு படங்கள், இரண்டிலும் அவரைப் பார்க்க முடியாத பெண்கள். அன்றைய ஹாலிவுட்டின் துணிச்சல் எந்த எல்லை வரை போனது என்று இதிலிருந்தே தெரிகிறது. வெவ்வேறு இனத்தவர் மணந்துகொள்வதைத் தடுக்கும் சட்டங்களை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது 1967ல்தான் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

படத்தில் எனக்கு மனக்குறையும் உண்டு. இங்காவின் கதையைச் சொல்ல அடிக்கடி கடந்த காலத்துக்குப் போகிறார்கள். கணவன் மீன்பிடிப் படகின் தலைவன். தங்கள் மகன் தனக்குப் பிறந்தவன் அல்ல என்று பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அவனுக்குத் தெரியவருகிறது. வீடு உறைந்துபோகிறது. பேங்க்ராஃப்ட் இந்தக் காட்சிகளில் அற்புதமாக நடித்திருக்கிறார். ஆனாலும் ஒரே ஒரு ரகசியம் அம்பலமானதால் ஒருத்தி சாகத் துணிந்தாள் என்று முடிச்சுப் போடுவது சினிமாவுக்கு வசதி, வாழ்க்கைக்குப் பொருந்தாது. ஷ்னைட்மனும் ஃபார்பரோவும் கண்டது அதுவல்ல. நோய், தனிமை, கடன், வெட்கம், நீண்ட நாள் மனச்சோர்வு என்று பல ஓடைகள் கலந்துதான் வெள்ளம் வருகிறது. கடைசியாக நடந்த ஒன்றை மட்டும் காரணமாக எழுதும் பழக்கம் நம் நாளிதழ்களிலும் இன்னும் போகவில்லை. தேர்வில் தோல்வி, காதல் தோல்வி என்று ஒற்றை வரியில் முடித்துவிடுகிறோம்.

ஆனால் அடிப்படையான ஒன்றை இந்தப் படம் பிசகாமல் பிடித்துவிட்டது. மாத்திரையை விழுங்கியவள்தான் தொலைபேசியையும் எடுத்தாள். லாஸ் ஏஞ்சலிஸ்காரர்கள் கடிதங்களிலிருந்து கண்டுகொண்ட அந்த இரட்டை மனம், அங்கே கதையின் அச்சாணியாகவே இருக்கிறது. ஆலன் அவளோடு வாதாடி ஜெயிப்பதில்லை. வாழ்க்கை அழகானது என்று நிரூபிப்பதும் இல்லை. தொலைபேசியை எடுத்த பாதியோடு அவன் பேசிக்கொண்டே இருக்கிறான். அதுதான் வேலை. உதவி எண்களில் பயிற்சி பெற்றவர்களைக் கேட்டால் அதையே சொல்வார்கள். அவர்கள் ஆலனைப் போலக் குரலை உயர்த்தமாட்டார்கள் என்பதைத் தவிர.

கடைசியில் இங்கா உயிரோடு மீட்கப்படுகிறாள். படம் கலை இயக்கத்துக்கும் உடை வடிவமைப்புக்கும் ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. உடைகளுக்குப் பொறுப்பு, அந்தத் துறையின் அரசியான எடித் ஹெட். அமெரிக்காவில் அடுத்த சில ஆண்டுகளில் நெருக்கடி உதவி எண்கள் மளமளவென்று பெருகின. 1968ல் ஷ்னைட்மன் தற்கொலைத் தடுப்பு ஆய்வாளர்களுக்கென ஒரு தேசியச் சங்கத்தையே நிறுவினார். இதற்கெல்லாம் இந்தப் படம் காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் தொலைபேசி முன் விழித்திருக்கும் தன்னார்வலர் என்றொரு மனிதரை, அப்படியொருவர் இருப்பதே தெரியாத ஆயிரக்கணக்கானோருக்கு அது அறிமுகப்படுத்தியது.

அதே நேரத்தில், படம் எழுப்பாமலே விட்டுவிட்ட ஒரு கேள்வி இருக்கிறது. ஆலன் இங்காவிடம் பேசிக்கொண்டே, அவளுக்குத் தெரியாமல், அவள் இருக்குமிடத்தைத் தேடவும் ஏற்பாடு செய்கிறான். உயிரைக் காப்பாற்றத்தான். பார்வையாளர் யாரும் அதைத் தவறென்று நினைக்கப்போவதில்லை. ஆனால் சாட் வாராவின் லண்டனில் அப்படிச் செய்திருக்கமாட்டார்கள். அவர் தொடங்கிய சமாரிட்டன்ஸ் அமைப்பின் மரபு வேறு. பேசியது வெளியே போகாது, உங்களைத் தேடி யாரும் வரமாட்டார்கள் என்ற உறுதிமொழிதான் அங்கே முதலாவது. அதற்கு வலுவான காரணம் இருந்தது. இங்கிலாந்தில் 1961 வரை தற்கொலை முயற்சி தண்டனைக்குரிய குற்றம். 1953ல் வாராவைக் கூப்பிட்ட ஒருவரின் இருப்பிடத்தைப் போலீசுக்குச் சொல்லியிருந்தால், வந்து நிற்பது காப்பாற்ற வந்தவரா, கைது செய்ய வந்தவரா என்று அழைத்தவருக்குத் தெரியாது. அந்தப் பயம் பரவியிருந்தால் தொலைபேசி அடிப்பதே நின்றுபோயிருக்கும்.

சியாட்டில் வழியா, லண்டன் வழியா? இரண்டு பக்கமும் மனிதர்களைப் பிழைக்க வைத்திருக்கின்றன என்பதால் இந்த விவாதம் இன்றும் தீரவில்லை. தனிப்பட்ட முறையில் நான் லண்டன் பக்கம் சாய்கிறேன். தேடி வரமாட்டார்கள் என்ற நம்பிக்கை இருந்தால்தான் பலர் வாயே திறப்பார்கள். ஆனால் மயங்கிக்கொண்டே போகும் ஒரு குரலைக் கேட்டபடி அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தால், என் கொள்கை எத்தனை நிமிடம் தாங்கும்? அமெரிக்காவில் 2022 ஜூலையில் நாடு முழுவதற்குமாக 988 என்ற எண் வந்தபோது இதே கேள்வி மறுபடியும் மேலே வந்தது. 2024ல் அவர்கள் ஒரு நடுவழிக்கு வந்தார்கள். கைபேசி அழைப்புகளை அழைப்பவருக்கு அருகிலுள்ள மையத்துக்கு அனுப்ப வேண்டும், ஆனால் அவர் நிற்கும் துல்லியமான இடத்தைக் காட்டக்கூடாது என்று விதி செய்தார்கள். எந்திரங்களுக்கு நடுவே இரவெல்லாம் தேடிய காலம் போய், நொடியில் இடம் காட்டும் கருவி கையிலிருந்தும், காட்டாதே என்று சட்டம் சொல்ல வேண்டிய காலம் வந்திருக்கிறது.

இந்தக் கேள்வி நமக்கும் அந்நியமல்ல. சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986ல் ‘ஸ்நேகா’வைத் தொடங்கியபோது, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309வது பிரிவு முழு வலுவோடு இருந்தது. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர் குற்றவாளி. மருத்துவமனைக்குப் போனால் போலீஸ் வரும் என்று பயந்து வீட்டுக்குள்ளேயே மறைத்த குடும்பங்கள் எத்தனையோ. முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், வழக்குத் தொடுக்கக்கூடாது, சிகிச்சை தர வேண்டும் என்று சொல்ல 2017ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் வர வேண்டியிருந்தது. ஆக, சென்னையின் தன்னார்வலர்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வாராவின் நிலைமையில்தான் தொலைபேசியை எடுத்தார்கள். மறுமுனையில் இருப்பவரின் பெயரைக்கூடக் கேட்காமல் அவரோடு எப்படி விடியும் வரை பேசினார்கள் என்பதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

(தொடரும்)

மனம் தாங்காத நிலையில் இருப்பவர்கள், அவர்களுக்காகக் கவலைப்படுபவர்கள், எந்த நேரமும் ‘டெலி மானஸ்’ 14416 என்ற கட்டணமில்லா எண்ணைக் கூப்பிடலாம். தமிழில் பேசலாம்.